கிண்ணிச் சோறு

அந்தப் பூசணிக்காயை நான் வாங்கியிருக்கவே கூடாது, கண்ணுகளா. நோயாளிகள் கொடுப்பதை வாங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மினோவா-சான் அந்த அறிவிப்பின் அடியிலேயே நின்றுகொண்டு, செய்தித்தாளில் சுற்றிய பூசணியை என் கையில் திணித்தார்.

"திருப்பிக் குடுத்தீங்கன்னா ரயில்ல ஒண்ணரை மணி நேரம் இதை மடியில வெச்சுக்கிட்டுப் போகணும் நர்ஸம்மா. இதயம் நல்லாருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க. அதை ஏன் கெடுக்கறீங்க?"

வாங்கிக்கொண்டேன். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளில் பூசணி தின்பது எங்கள் வழக்கம்; அன்றைக்கு வேகவைக்கலாம் என்று வீட்டு அலமாரியில் வைத்தேன். அது 2012, செப்டம்பர் கடைசி. எங்கள் ஊரான அஸாஹிகாவாவில் மேப்பிள் மரங்கள் நுனியில் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன.

அவருடைய இதயம் நல்லாயில்லை. அப்படிச் சொல்ல வைத்தது என் முத்திரை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பெட் ஸ்கேன் பகுதியில் நான் நர்ஸ். லேசாகக் கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவோம். உடம்பில் எங்கே புண்ணும் வீக்கமும் இருக்கிறதோ, அந்த இடம் பசித்த பிள்ளை மாதிரி அந்தச் சர்க்கரையைப் பிடுங்கித் தின்னும். தின்ற இடம் படத்தில் ஒளிரும். இதயத்தைப் பார்க்கும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இதயம் நோயில்லாமல் இருந்தாலும் சர்க்கரை கண்டால் விடாது. அதனால் முந்தின நாள் காலையிலிருந்தே சோறு, ரொட்டி, நூடுல்ஸ், இனிப்பு, பழம் எதுவும் கூடாது. மீன், முட்டை, டோஃபு போதும். அன்று சாயங்காலத்துக்கு மேல் வெறும் தண்ணீர். அப்போது இதயம் வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்ளும். நோய் இருக்கும் திட்டுகள் மட்டும் சர்க்கரையைத் தின்று மாட்டிக்கொள்ளும்.

எல்லாமே அந்த ஒன்றரை நாள் பத்தியத்தில்தான் இருக்கிறது. பத்தியம் சரியாக இருந்ததா என்று கேட்டு, தாளில் குறியிட்டு, கீழே என் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்துவது என் பொறுப்பு.

மினோவா-சான் நயோரோ பக்கத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. கோடையில் பூசணி விவசாயம், குளிர்காலத்தில் நகராட்சிக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். இரண்டு வருஷத்துக்கு முன் வயலில் தலைசுற்றி உட்கார்ந்தபோது நாடி நிமிஷத்துக்கு முப்பத்திநாலு. பேஸ்மேக்கர் வைத்தார்கள். வயசான இதயம், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் கண் சிவந்து மங்கியது. கண் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார். சார்காய்டோசிஸ். உடம்பே தனக்குள் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கட்டிக்கொள்ளும் நோய். கண்ணில் கட்டும், நுரையீரலில் கட்டும். இதயத்தில் கட்டினால்தான் ஆள் போய்விடுவார்.

இதயத்தில் கட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் இதய டாக்டர் ஹாகா அந்தக் கேள்வியை ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தார். எக்கோவில் இதயச் சுவர் ஓர் இடத்தில் மெலிந்த மாதிரி தெரிந்தது. ரத்தத்தில் இந்த நோய்க்கு வழக்கமாக ஏறும் அளவு ஏறவேயில்லை. ஆனால் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை அடிபடும்போது ரத்தத்தில் கசிவது, கொஞ்சூண்டு கூடுதலாக இருந்தது. இருக்கு என்று சொல்லவும் போதாது, இல்லை என்று சொல்லவும் விடாது. குழாய் விட்டுத் தசையை ஐந்து இடத்தில் கிள்ளிப் பார்த்தார்கள். ஐந்திலும் ஒன்றுமில்லை. முடிச்சு ஓர் இடத்தில் இருக்கும், கிள்ளியது வேறு இடமாக இருக்கும், அது சகஜம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால் உள்ளே பேஸ்மேக்கர். அந்த ரகப் பேஸ்மேக்கருக்குக் காந்தம் ஆகாது. மிச்சம் இருந்த ஒரே கதவு எங்கள் கீழ்த்தளத்து அறை.

"இருந்தா ஸ்டீராய்டு குடுத்து இப்பவே அடக்கணும். வீக்கமா இருக்கிற வரைக்கும்தான் மருந்து கேக்கும். தழும்பாயிடுச்சுன்னா கேக்காது" என்று ஹாகா டாக்டர் அவரிடமும் அவர் மனைவி தொமோயேயிடமும் என் முன்னால்தான் சொன்னார். நோட்டீஸ் தாளின் பின்பக்கத்தில் இதயம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, சுவரில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். "இல்லேன்னா ஸ்டீராய்டு குடுக்கக் கூடாது. எலும்பைத் தின்னும், சர்க்கரையை ஏத்தும். சும்மா குடுத்துப் பாக்கற மருந்து இல்ல."

ஸ்கேன் அன்று இருவரும் சேர்ந்து வந்தார்கள். தொமோயே ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினாள். இரண்டு நாள் சாப்பாடு முழுக்க அதில் இருந்தது. காலை: உப்பு சால்மன், டோஃபு அரைத் துண்டு. மதியம்: முட்டை இரண்டு, சர்க்கரை போடாமல். சாயங்காலம் ஐந்து மணி: கோழி, கீரை. பட்டாணி ஏழு கிடந்தது, எடுத்துவிட்டேன்.

"ஏழு பட்டாணியா!" படமெடுக்கும் நித்தா எட்டிப் பார்த்தான். நாற்பது வயசிலும் வாய் ஓயாத ஆள். "எங்க வீட்டுக்காரி நான் சாப்பிட்டேனான்னே எண்ண மாட்டா. உங்களுக்குப் பட்டாணியே எண்ணி வெக்கறாங்க."

"எண்ணி எடுத்துட்டா தம்பி. சாப்பிட விட்டாளா?" என்றார் மினோவா-சான். "ஓட்டும்போது தூக்கம் வராம இருக்க மிட்டாய் வெச்சிருப்பேன். டப்பாவையே ஒளிச்சு வெச்சுட்டா. ரயில்ல எதிர்ல ஒரு ஆள் சோத்து உருண்டை தின்னான். அவனைப் பாத்த பாவம் என்னைச் சும்மா விடாது."

"வாயை மூடுங்க. ஆஸ்பத்திரியில சோத்தைப் பத்தியா பேசுறது?" என்றாள் தொமோயே.

நான் சிரித்துக்கொண்டே தாளை எடுத்தேன். "நேத்துக் காலையிலேருந்து சோறு, ரொட்டி, இனிப்பு எதுவும் சாப்பிடலையே?"

"சாப்பிடல."

"இன்னிக்குக் காலையில ஏதாவது?"

"தண்ணி. அதுவும் ஒரு டம்ளர்."

குறியிட்டேன். முத்திரை குத்தினேன். ரத்தத்தில் சர்க்கரை அளவும் நூறுக்குள்தான். இதைவிட ஒழுங்கான நோயாளி கிடைக்க மாட்டார் என்று மனசில் நினைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

படம் வந்தது. திரையில் இதயம் முழுக்கத் திருவிழாக் காகித விளக்கு மாதிரி எரிந்தது. திட்டு இல்லை, புள்ளி இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம்.

நித்தா வாயைக் குவித்தான். "அக்கா, இது சோறு தின்ன இதயம் மாதிரில்ல இருக்கு?"

"நோட்டைப் பாத்தியே" என்றேன் கொஞ்சம் சூடாகவே.

ஹாகா டாக்டர் இறங்கி வந்து நெடுநேரம் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். "பத்தியம் தப்பியிருந்தா இப்படி வரும். அப்ப இன்னொரு தடவை எடுத்தாகணும். பத்தியம் சரின்னா... சிலருக்குப் பட்டினி போட்டாலும் இதயம் சர்க்கரையை விடாது. நோய்ன்னா திட்டுத் திட்டா இருக்கணும், இது முழுசும் ஒரே மாதிரி." என் பக்கம் திரும்பினார். "ஹோசோயா-சான், பத்தியம் உறுதியா?"

கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஒரு மூச்சு நேரம் யோசித்திருந்தால் போதும்.

"உறுதி டாக்டர். பட்டாணிகூட எண்ணியிருக்காங்க."

"உங்க முத்திரை இருந்தா நான் ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார். இதயத்தில் நோய்க்கான ஆதாரம் இல்லை, மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கவும் என்று அறிக்கை போனது. அதைக் கேட்ட மகிழ்ச்சியில்தான் அடுத்த வாரம் அவர் பூசணியோடு வந்து நின்றார்.

அந்த ஒரு வாக்கியம், முத்திரை இருந்தால் கேட்க மாட்டேன் என்றாரே, அதை நான் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். முப்பத்தாறு வருஷ வேலைக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்னால் நடந்ததுக்கெல்லாம் அதுதான் வேர்.

நவம்பர் நடுவில் ஊழியர்களுக்கு வருஷாந்திர உடல் பரிசோதனை. ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வரிசையில் உட்கார்ந்தேன். "ஒண்ணும் சாப்பிடலையே, ஹோசோயா-சான்?" என்று கேட்டாள் ரத்தம் எடுப்பவள்.

"இல்லம்மா."

ஊசி உள்ளே போனது. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு தன்பாட்டுக்குக் கடைவாய்ப் பல்லைத் துழாவி, அங்கே மாட்டியிருந்த ஒன்றை எடுத்தது.

ஒரு பருக்கை.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருஷம். தினமும் காலையில் சோறு பொங்கியதும் முதல் கரண்டி அவருக்கு. பித்தளைக் கிண்ணியில் குவித்து, புத்த மாடத்தில் அவர் படத்துக்கு முன் வைத்து, மணி தட்டிக் கும்பிடுவேன். ஆவி அடங்கியதும் இறக்குவேன். இறக்கியதைக் குப்பையில் போட முடியுமா? பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். இரண்டு வாய்தான். அன்றைக்கும் அப்படித்தான். டீ குடிக்கக் கூடாது என்று டீத்தூளைக்கூட எட்டி வைத்தவள் நான். கிண்ணிச் சோற்றைத் தின்றேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் "இல்லம்மா" என்றேன். ஏனென்றால் அது என் சாப்பாடு இல்லை. அவருடையது. நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மினோவா-சான் மூத்த மகன்; இறந்தவர்களின் மாடம் மூத்த மகன் வீட்டுக்குத்தான் வரும். அந்த வீட்டில் மாடம் இல்லாமலா இருக்கும்?

படியேறி ஹாகா டாக்டர் அறைக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக் கை தூக்கினேன். என்ன சொல்வது? உறுதி என்று சொன்னேனே, அது உறுதியில்லை என்றா? வெறும் ஊகம். அவர் வீட்டில் எப்படியோ, யார் கண்டது? டிசம்பர் பத்தாம் தேதி ரத்தப் பரிசோதனைக்கு அவரே வருகிறார். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஆமாம் என்றால் அப்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். இருபத்தைந்து நாள்தானே.

கையை இறக்கினேன். கண்ணுகளா, ஒரு கையை இறக்குவது எவ்வளவு லேசான வேலை!

வீட்டில் பூசணி அலமாரியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பெரும்பனி. பத்தாம் தேதி காலை எட்டரைக்கு எங்கள் மேசையில் போன் அடித்தது.

"நர்ஸம்மாவா? மினோவா. மேல இருக்கிற லைன் கிடைக்கல. அந்தச் சாப்பாட்டுத் தாள்ல உங்க நம்பர் இருந்துச்சு. இன்னிக்கு வர முடியாது. ரயிலும் இல்ல, நானும் இல்ல. ஊர் முழுக்க இடுப்பளவு. வண்டியிலேருந்து இறங்கி இப்பத்தான் டீ குடிக்கறேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு. கொஞ்சம் மூச்சு வாங்குது. பூட்ஸ் கனம், வயசு கனம். பூசணி தின்னீங்களா?"

"இன்னும் இல்ல. நாள் வரட்டும்." என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "மினோவா-சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சீக்கிரம் கேளுங்க, பனி காத்திருக்காது." பின்னால் யாரோ அவரைக் கத்திக் கூப்பிட்டார்கள். "வரேன்டா, கழுத்தறுக்காதே! சொல்லுங்க நர்ஸம்மா."

நித்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும். உங்க வீட்டு மாடத்துச் சோற்றை யார் தின்னுவாங்க என்று கேட்டால், அக்கா என்ன இது என்று ஆரம்பிப்பான். ஒரே கேள்விதான். நாலு வார்த்தை.

"ஒண்ணுமில்ல. நேர்ல வரும்போது கேக்கறேன். சீக்கிரம் வாங்க."

"பிப்ரவரியில பனி விட்டதும் வரேன். மிட்டாய் டப்பா திரும்பக் கிடைச்சிருச்சு, தெரியுமா?" என்று சிரித்தபடி வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் பனி விடவில்லை. மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார். நீண்ட இரவு வரும் நாளில் நான் பூசணியைச் சமைக்கவில்லை. ஜனவரியில் துணியைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் இளகி அலமாரிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் பன்னிரண்டு. வண்டிக் கொட்டகையில் ஏணியிலிருந்து இறங்கும்போது மினோவா-சான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது. கூட வேலை செய்தவர்கள் சுவரில் தொங்கிய மின்னதிர்ச்சிப் பெட்டியை எடுத்து மார்பில் ஒட்டி உயிரைத் திருப்பினார்கள். அன்று மதியமே எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

தொமோயே தாழ்வாரத்து பெஞ்சில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தொமோயே-சான், உங்க வீட்டு மாடத்துல வெக்கற சோத்தை யாரு இறக்குவாங்க?"

அவளுக்கு என் கேள்வி புரியவே கொஞ்ச நேரமானது. "அவர்தான். அவங்க அப்பாவுக்கு வெக்கறது. நான் பொங்கி வெப்பேன், இறக்கறது அவர் வேலை."

"இறக்கி?"

"வாயில போட்டுக்கிட்டு கிண்ணியைக் கழுவி வெப்பார். ஏன் கேக்கறீங்க?"

"செப்டம்பர்ல? டெஸ்ட் அன்னிக்கும்?"

 அவள் கைப்பையைத் திறந்து, எதற்கென்று தெரியாமலே அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். அதை இன்னமும் பையிலேயே வைத்திருந்தாள். பக்கத்தைப் புரட்டி, சால்மன், டோஃபு, முட்டை, பட்டாணி என்று விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ரெண்டு நாளும் பொங்கினேன்" என்றாள். "அவருக்குச் சோறு கிடையாதுன்னு மாமனாரையும் பட்டினி போட முடியுமா? அதை எப்படி நோட்டுல எழுதறது? அது மாமனாரோடது."

"ஆமா" என்றேன். "அது அவரோடது."

ஹாகா டாக்டரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன். கேட்டுவிட்டு, பென்சிலை மேசையில் படுக்க வைத்தார்.

"இது உங்களுக்கு எப்ப தோணுச்சு?"

"நவம்பர்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்தபடி, "ரெண்டு வாய்ச் சோறு போதும், இன்சுலின் எழுந்துடும், படம் கெட்டுடும்" என்று பாடம் படிப்பதுபோலச் சொன்னார். "நான் ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்." அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பதக்கத்தை அவரே என் நெஞ்சிலிருந்து கழற்றிக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, உடம்பு தாங்கும் என்றானதும், மறுபடி ஸ்கேன். ஆஸ்பத்திரிப் பத்தியம், ஆஸ்பத்திரித் தட்டு. வீட்டு மாடத்துக்குச் சப்போரோவிலிருந்து மகள் வந்து சோறு வைத்து, அவளே இறக்கித் தின்றாள். இந்தத் தடவை படம் கண்ணாடி மாதிரி தெளிவு. இதயச் சுவரில் மூன்று திட்டுகள் நெருப்புத் துண்டாக எரிந்தன. இருந்தது. முன்னமே இருந்தது. ரத்தத்திலும் ட்ரோபோனின் மூன்று மடங்கு, இதயம் திணறும்போது ஏறும் இன்னொரு அளவு அதற்கும் மேல்.

ஆனால் நித்தா விரல் வைத்துக் காட்டியது திட்டுகளை அல்ல. அவற்றுக்கு நடுவில் இருந்த கறுப்பை. அகலமாக, அமைதியாக. அங்கே சர்க்கரையும் போகவில்லை, ரத்தமும் சரியாகப் போகவில்லை. அது ஆறிப்போன இடம், தழும்பு. செப்டம்பரில் அதில் எவ்வளவு எரிந்துகொண்டிருந்தது, எவ்வளவு அப்போதே ஆறியிருந்தது என்று எந்தப் படமும் இனிச் சொல்லாது. நவம்பரில் பார்த்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்றும் சொல்லாது. நித்தா அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை.

ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். பழைய பேஸ்மேக்கரை எடுத்துவிட்டு, தாறுமாறாக ஓடினால் தானே அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை வைத்தார்கள். எரிந்த திட்டுகள் மாதாமாதம் அடங்கின. கறுப்பு அப்படியே இருந்தது. பனி வண்டி இனிக் கிடையாது என்று நகராட்சியிலிருந்து காகிதம் வந்தது.

இதையெல்லாம் மினோவா-சானிடம் நானே சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் கூட வந்து கதவருகே நின்றார். கிண்ணிச் சோற்றைச் சொன்னதும் மினோவா-சான் படுக்கையில் குலுங்கிச் சிரித்தார்.

"அப்ப எங்கப்பாதான் என்னை மாட்டிவிட்டாரா! உசிரோட இருக்கும்போதே தட்டுல ஒரு பருக்கை மீந்தா மண்டையில தட்டுவாரு நர்ஸம்மா. பஞ்சத்துல வளந்த மனுஷன். நான் அந்தக் கிண்ணியைப் பாத்துட்டுச் சும்மா போனா எழுந்து வந்து தட்டுவாருன்னு பயம்."

"எனக்கு இது நவம்பர்லயே தோணிடுச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுவதைப் பார்த்தார்.

"டிசம்பர்ல போன் பண்ணேன்."

"ஆமா."

"ஏதோ கேக்க வந்தீங்க."

"ஆமா."

"பனி காத்திருக்காதுன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "நான்ல அவசரப்படுத்தினேன்."

எவ்வளவு சொல்லியும் அதிலிருந்து அவரை நகர்த்த முடியவில்லை. என் தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார், திருப்பித் தரவேயில்லை. பூசணியைத் திணித்த மாதிரி இதுவும் ஒரு திணிப்புதான்.

எங்கள் தாளில் ஒரு வரி சேர்த்தேன். முதலில் கையால் எழுதினேன், அப்புறம் அச்சிலேயே வந்தது. "மாடத்திலிருந்து இறக்கிய சோறு, பண்டம், பழம் வாயில் போட்டீர்களா?" படித்துவிட்டுச் சிரிப்பவர்கள்தான் அதிகம். முதல் மாதத்திலேயே இரண்டு பேர் சிரித்து முடித்துவிட்டு, "அட" என்று வாயைப் பொத்தினார்கள். அவர்களுக்குத் தேதி மாற்றிக் கொடுத்தோம். அந்த இரண்டு பேருக்கு நான் யாரென்றே நினைவிருக்காது. நல்லதுதான்.

மினோவா-சான் அதன் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். பனி வண்டி தெருவில் போகும்போதெல்லாம் திரைச்சீலையை விலக்கி, "பனி தள்ளுற கத்தியை ரொம்ப இறக்கிப் பிடிக்கிறான் பாரு, மடையன்" என்பாராம். 2015 பிப்ரவரியில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், உட்கார்ந்த வாக்கிலேயே இதயம் ஓய்ந்தது. பெட்டி மூன்று முறை அதிர்ச்சி கொடுத்திருந்தது. தழும்புக்கு அது கேட்கவில்லை.

நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஏப்ரலில் ரயிலேறி நயோரோ போனேன். வயல்களில் பனி ஓட்டை ஓட்டையாக உருகியிருந்தது. தொமோயே என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே கூட்டிப் போய் மாடத்தின் முன் உட்கார வைத்தாள். இரண்டு படங்கள். அப்பாவுடையது பழையது, முகம் கடுகடுவென்று. மகனுடையதில் பனி வண்டி ஏணியில் ஒரு கால் வைத்துச் சிரிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரே கிண்ணி.

ஊதுவத்தி வைத்து மணி தட்டிக் கும்பிட்டேன். என்ன சொல்லிக் கும்பிட்டேன் என்பதை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

திரும்பியபோது தொமோயே கிண்ணியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "காலையிலேருந்து இறக்காமலே இருக்கேன். இறக்கறது அவர் வேலை. இப்ப எனக்கு வந்துடுச்சு. வாயில போட்டா இறங்க மாட்டேங்குது." சிறு கரண்டி ஒன்றைக் கிண்ணியில் வைத்து என் பக்கம் நீட்டினாள். "பாதி நீங்க வாங்கிக்கோங்க."

என் கை எழவில்லை. அவள் கிண்ணியைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை. அந்தக் கண்ணில் இருந்தது கோபமா, சிரிப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"ஏன்? இன்னிக்கு உங்களுக்கு டெஸ்ட் ஏதும் இல்லையே?" என்றாள்.

"இல்ல" என்றேன். கிண்ணியை வாங்கிக்கொண்டேன். சோறு ஆறி, மேல்பருக்கை காய்ந்து விறைத்திருந்தது. மெல்ல நேரம் பிடித்தது. பாதியில் நிறுத்தி, மீதியை அவள் கையில் கொடுத்தேன். அவளும் மெதுவாகத் தின்று முடித்தாள்.